கடல் மட்டத்துக்கு மேலே 120 அடி

கலிபோர்னியாவின் இந்தச் சான் வாக்கீன் பள்ளத்தாக்கில் இருக்கும் தமிழர்களில் பெரும்பாலோர் நகரக் குழாய்த் தண்ணீரில் காலம் தள்ளுகிறவர்கள். மாதம் பிறந்தால் பில் வரும், கட்டிவிடுவார்கள், அத்தோடு முடிந்தது. நாங்கள் இருப்பது வைசேலியாவுக்கு வெளியே, ஆரஞ்சுத் தோட்டங்களுக்கு நடுவே. எங்களுக்குத் தண்ணீர் பில் கிடையாது, சொந்தக் கிணறு. எட்டிப் பார்த்தால் முகம் தெரிகிற கிணறு என்று நினைத்துவிடாதீர்கள். இரும்புக் குழாய் இறக்கிய 200 அடி ஆழ்துளைக் கிணறு, உள்ளே ஒரு சப்மெர்சிபிள் மோட்டார், வெளியே நீல நிறத்தில் ஒரு அழுத்தத் தொட்டி. அது ஓயும் நாளில் வீட்டில் சொட்டுத் தண்ணீர் இருக்காது. போன் செய்து சண்டை போடவும் எந்த அலுவலகமும் இல்லை.

அதனால்தான் நான் சிக்மா கூட்டங்களுக்குப் போகிறேன்.

2014 செப்டம்பரில் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் கையெழுத்திட்ட நிலத்தடி நீர் நிலைத்தன்மை மேலாண்மைச் சட்டத்தை இங்கே பால்பண்ணைக்காரர் முதல் போர் போடுகிறவர் வரை சிக்மா என்றுதான் சொல்வார்கள். அதற்கு முன்பு கலிபோர்னியாவில் ஆற்று நீருக்கு உரிமம், பதிவு என்று ஒரு நூற்றாண்டு வழக்கம் இருந்தது. நிலத்தடி நீருக்கோ மாநிலம் முழுவதற்குமான சட்டமே இருந்ததில்லை. யாருடைய போர் ஆழமோ அவருக்குத் தண்ணீர். சட்டம் வந்த காலத்து வறட்சியில் எங்கள் டுலேரி கவுண்டியிலேயே (நம் ஊர் மாவட்டம் போல) கிழக்கு போர்ட்டர்வில்லில் நூற்றுக்கணக்கான வீட்டுக் கிணறுகள் வற்றிப்போயின. வாசலில் தொட்டி வைத்து, லாரியில் தண்ணீர் கொண்டுவந்து நிரப்பினார்கள். அமெரிக்காவிலா என்று ஊரில் இருக்கும் உறவினர்கள் கேட்டார்கள். ஆமாம், இங்கேதான்.

சட்டத்தின் ஏற்பாடு எளிது. ஒவ்வொரு நீர்ப்படுகைக்கும் அதன் தண்ணீரை நிர்வகிக்க உள்ளூர் அமைப்புகளே முகமை அமைத்துக்கொள்ள வேண்டும். அதற்குக் கெடு 2017 ஜூன். மிக மோசமாக உறிஞ்சப்பட்ட 21 படுகைகள் 2020 ஜனவரிக்குள் திட்டம் தர வேண்டும். அந்த 21இல் பாதிக்கு மேல் எங்கள் சான் வாக்கீன் பள்ளத்தாக்கில்தான் இருக்கின்றன. 20 ஆண்டுக்குள், அதாவது 2040க்குள், எடுப்பதும் ஊறுவதும் சரிக்கட்ட வேண்டும். செய்யாவிட்டால் மாநிலம் தலையிடும்.

நிலத்தடி நீரை வங்கிக் கணக்கோடு ஒப்பிடுவது இந்தக் கூட்டங்களில் வழக்கம். நான் பிழைப்புக்குக் கணக்கு எழுதுகிறவள். கேட்கும்போதெல்லாம் எரிச்சல் வரும். என் வங்கிக் கணக்கிலிருந்து பக்கத்துத் தோட்டக்காரர் பணம் எடுக்க முடியாது. நிலத்தடியில் அவர் நூறு குதிரைத்திறன் மோட்டாரைப் போட்டால் என் கையிருப்பும் சேர்ந்து இறங்கும்.

பொதுமக்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் ஒப்புக்குச் சொல்லவில்லை. யார் யாருடைய நலனைக் கருத வேண்டும் என்று பட்டியலே போட்டிருக்கிறது. விவசாயிகள், வீட்டுக் கிணறு வைத்திருப்பவர்கள், நகரக் குடிநீர் அமைப்புகள், பழங்குடி அரசுகள், பின்தங்கிய குடியிருப்புகள், ஆற்றையும் அதன் உயிர்களையும் சார்ந்த தேவைகள் எல்லாம் அதில் உண்டு. திட்டம் எழுதத் தொடங்கும் முன்பே, மக்கள் எப்படிப் பங்கேற்கலாம் என்று எழுத்தில் வெளியிட வேண்டும். தகவல் கேட்கிறவர்களின் பட்டியல் ஒன்றைப் பராமரிக்க வேண்டும். நாம் பெயர் கொடுத்தால் அறிவிப்பு வந்தாக வேண்டும். பொது விசாரணை நடத்தாமல் திட்டத்தை ஏற்க முடியாது. திட்டம் மாநில நீர்வளத் துறைக்குப் போன பிறகும் 60 நாள் யார் வேண்டுமானாலும் கருத்து அனுப்பலாம்.

இத்தனையும் இருந்தும் கூட்டத்தில் பாதி நாற்காலி காலியாகக் கிடக்கும். வார நாள், பிற்பகல் இரண்டு மணி. பழம் பறிக்கிறவரும் பால் கறக்கிறவரும் மருத்துவமனையில் வேலை பார்க்கிறவரும் அந்த நேரத்தில் எங்கே வருவார்கள்? மேசைக்கு அந்தப் பக்கம் பாசன மாவட்டத்தார் (பாசனத் தண்ணீர் வழங்கும் அமைப்பினர்), நகரத்தார், கவுண்டிப் பிரதிநிதி. இந்தப் பக்கம் வழக்கறிஞர்கள், ஆலோசக நிறுவனத்தார், நாலைந்து பெரிய பண்ணைக்காரர்கள், என்னைப் போல வேலையிலிருந்து அனுமதி வாங்கி வந்த ஒன்றிரண்டு பேர்.

பொதுமக்கள் கருத்துக்கு ஆளுக்கு மூன்று நிமிடம். முதல்முறை வருகிறவர்கள் எழுந்து, தங்கள் கிணறு வற்றிய கதையைச் சொல்வார்கள். குழுவினர் தலையாட்டிவிட்டு வாயே திறக்க மாட்டார்கள். பேசியவர் அவமானப்பட்டது போல உட்காருவார், அடுத்த கூட்டத்துக்கு வர மாட்டார். குழுவின் மௌனத்துக்குக் காரணம் திமிர் மட்டும் என்று சொல்ல முடியாது. 1953ஆம் ஆண்டின் பிரவுன் சட்டப்படி (இந்தப் பிரவுன் வேறு) கூட்டத்தின் பொருள்நிரலை 72 மணி நேரத்துக்கு முன்பே ஒட்ட வேண்டும். அதில் இல்லாத விஷயத்தைக் குழு விவாதிக்கக் கூடாது. பொதுக் கருத்து நேரத்தில் எதைச் சொன்னாலும் அவர்கள் சுருக்கமாக ஒரு வார்த்தை சொல்லலாமே தவிர, விவாதிக்க முடியாது. பொருள்நிரலில் உள்ள ஒரு உருப்படியின் மீது, அதன் எண்ணைச் சொல்லிக் கேள்வி கேட்டால் விரிவாகப் பதில் சொல்ல வழி உண்டு. இதை வாசலில் ஒரு தாளில் எழுதி ஒட்டினாலே பாதிப் பேர் திரும்பி வருவார்கள்.

ஆனால் எந்த உருப்படியைப் பிடிப்பது? என் கருத்து இதுதான்: குறைந்தபட்ச வரம்பு என்கிற ஒரே எண்ணைப் பிடித்தால் போதும். திட்டத்தில் கண்காணிப்புக் கிணறுகள் என்று சிலவற்றைக் குறித்திருப்பார்கள். ஒவ்வொன்றிலும் நீர்மட்டம் எதற்குக் கீழே இறங்கினால் அது ஏற்க முடியாத விளைவு என்று ஒரு கோடு கிழித்திருப்பார்கள். வரைபடத்தில் சிவப்புப் புள்ளிக்கோடு. மக்கள் பங்கேற்பு, தொலைநோக்கு, கூட்டாண்மை என்று முன்னுரையில் எத்தனை பக்கம் எழுதியிருந்தாலும், யார் வீட்டுக் கிணறு வற்றலாம், யார் வீட்டுக் கிணறு வற்றக் கூடாது என்பதை அந்தக் கோடுதான் முடிவு செய்கிறது.

அந்த எண்ணைச் சாதாரண மனிதர் படித்தால் புரியாது. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். எண்களை முழுமையாக்கிச் சொல்கிறேன். எங்களுக்கு அருகில் உள்ள கண்காணிப்புக் கிணற்றுக்கு வரம்பு 120 அடி என்று போட்டிருந்தது. என் கிணறு 200 அடி. இன்னும் 80 அடி இருக்கிறதே, கவலை இல்லை என்றுதான் யாருக்கும் தோன்றும். அட்டவணையின் தலைப்பில் பொடி எழுத்தில் பார்த்தால், அந்த 120 கடல் மட்டத்திலிருந்து மேலே கணக்கிட்ட உயரம். எங்கள் தரை கடல் மட்டத்துக்கு மேலே 340 அடி. 340இல் 120 போனால் 220. அதாவது நீர்மட்டம் தரையிலிருந்து 220 அடி கீழே போகும்வரை எல்லாம் நலம் என்கிறது திட்டம். என் கிணற்றின் அடியோ 200 அடியில் முடிந்துவிடுகிறது.

அதிலும் கிணற்றின் அடிவரை தண்ணீர் இறங்க வேண்டிய அவசியமில்லை. மோட்டார் தொங்குவது 170 அடியில். நீர்மட்டம் அதைத் தொட்டாலே காற்றை இழுக்க ஆரம்பிக்கும். கோடைக்காலத்தில் சுற்றிலும் எல்லா மோட்டார்களும் ஓடும்போது மட்டம் இன்னும் கீழே போகும்.

நீரியல் வல்லுநர்களுக்குக் கடல் மட்டக் கணக்கு தேவைதான். மேட்டிலும் பள்ளத்திலும் இருக்கிற கிணறுகளை ஒப்பிட வேறு வழியில்லை. பக்கத்தில் இன்னொரு பத்தி சேர்த்து, தரையிலிருந்து எத்தனை அடி என்று போட எவ்வளவு மை செலவாகும்? நான் கூட்டத்தில் கேட்டது அதை மட்டும்தான். ஆலோசகர் நல்ல மனிதர். கூட்டம் முடிந்து வெளியே வந்து, இதை இதுவரை யாரும் கேட்கவில்லை என்றார். எனக்கு அது பாராட்டாகப் படவில்லை.

எங்களைப் போன்றவர்கள் திட்டத்தில் ஏன் கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வீட்டுத் தேவைக்கு ஆண்டுக்கு இரண்டு ஏக்கர்-அடிக்குள், அதாவது சுமார் 24.7 லட்சம் லிட்டருக்குள் எடுக்கிறவர்களைச் சட்டம் அற்பப் பயனாளர்கள் என்று தனியே வைக்கிறது. எங்களுக்கு மீட்டர் கட்டாயம் இல்லை. சலுகைதான், மறுக்கவில்லை. மீட்டர் இல்லாததால் நாங்கள் எத்தனை பேர், எந்த ஆழத்தில் இருக்கிறோம் என்பதும் ஊகமாகவே நின்றுவிடுகிறது. போர் போட்டவர் அரசுக்குத் தாக்கல் செய்த கிணற்று அறிக்கைகள் மாநிலத்தின் இணைய வரைபடத்தில் இருக்கின்றன. பழைய கிணறுகளுக்குச் சரியான இடம் தெரியாததால், அவை இருக்கும் சதுர மைலின் நடுப்புள்ளியில் எல்லாவற்றையும் சேர்த்துக் குத்தி வைத்திருக்கிறார்கள். அந்த வரைபடத்தின்படி எங்கள் தெருவின் கிணறுகள் அனைத்தும் ஒரு ஆரஞ்சுத் தோட்டத்தின் நடுவில், ஒரே மரத்தடியில் இருக்கின்றன.

ஆகவே நாங்களே அளந்தோம். நாங்கள் என்றால் நானும், எதிர்வீட்டு மெக்சிகோ அம்மாவும், அவர் சொல்வதை ஆங்கிலமாக்கும் பள்ளி மாணவியான அவர் மகளும், நாற்பது ஏக்கர் வைத்திருக்கும் பஞ்சாபிப் பெரியவரும். நீர்மட்டம் அளக்கும் டேப் பெரியவருடையது. உருளையில் சுற்றிய தட்டையான நாடா, நுனியில் விரல் தடிமனில் ஓர் உலோகக் கூர். கிணற்று மூடியில் இருக்கும் சின்னத் திருகைக் கழற்றி, நாடாவைக் குளோரின் கலந்த நீரில் துடைத்துவிட்டு உள்ளே விட வேண்டும். கூர் தண்ணீரைத் தொட்டதும் உருளையில் பீப் என்று சத்தம் வரும். மோட்டார் ஓடியிருந்தால் அளவு தப்பும். அதனால் விடிவதற்கு முன், எந்த வீட்டிலும் யாரும் குளிப்பதற்கு முன் அளக்க வேண்டும். "பேட்டி (மகளே), குழாயைத் திறக்க வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டு வா" என்பார் பெரியவர். குழாய் தரைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் ஓரடியை அவர் மறக்காமல் கழிப்பார். பொறியாளர்களே சில சமயம் விட்டுவிடுவார்களாம்.

கிணற்றின் ஆழம், மோட்டார் தொங்கும் ஆழம், இன்றைய நீர்மட்டம், திட்டத்தின் வரம்பைத் தரையிலிருந்து கணக்கிட்டால் வரும் ஆழம் என்று நான்கு பத்திகள். என் தொழிலில் இதைவிட எளிய அட்டவணை கிடையாது. கடைசிப் பத்தியின் எண் இரண்டாவது பத்தியின் எண்ணைவிடப் பெரிதாக இருந்தால் அந்த வீட்டுக்குத் தண்ணீர் இல்லாமல் போவதைத் திட்டம் ஏற்றுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். கருத்துக் கடிதத்தோடு இணைத்து அனுப்பினோம். பின்னிணைப்பில் எங்கள் கடிதம் அச்சாகியிருந்தது. எதிரே பதில்: கருத்து கவனத்தில் கொள்ளப்பட்டது.

அந்தப் பதிலைப் படித்து எதிர்வீட்டு அம்மா சிரித்தார். ஆனால் எழுத்தில் இருப்பதற்கு ஒரு பலன் உண்டு. அது மாநிலத் தலைநகர் சாக்ரமென்ட்டோவில் வேறொருவர் மேசைக்குப் போகிறது. பள்ளத்தாக்கின் பல திட்டங்களைப் பற்றி மக்கள் அமைப்புகள் 2020இலேயே இதே கேள்வியை எழுதி அனுப்பியிருந்தன: இந்த வரம்புகளால் எத்தனை குடிநீர்க் கிணறுகள் வற்றும் என்று கணக்கிட்டீர்களா? 2022 ஜனவரியில் நீர்வளத் துறை பல திட்டங்களைக் குறையுள்ளவை என்று திருப்பி அனுப்பியபோது அந்தக் கேள்வியும் துறையின் கடிதங்களில் இருந்தது. 2023 மார்ச்சில் சௌசில்லா, டெல்டா-மென்டோட்டா, கவீயா, டுலேரி ஏரி, டுலி, கெர்ன் என்ற ஆறு படுகைகளின் திட்டங்கள் போதாதவை என்று தீர்ப்பாயின. அடுத்த ஆண்டு ஏப்ரலில் டுலேரி ஏரிப் படுகையையும், செப்டம்பரில் டுலி படுகையையும் மாநில நீர் வாரியம் நன்னடத்தைக் கண்காணிப்பில், அதாவது மாநிலத் தலையீட்டின் முதல் படியில் வைத்தது. அதன் கீழ், அற்பப் பயனாளர்களைத் தவிர மற்றவர்கள் கிணற்றுக்கு ஆண்டுக்கு 300 டாலர், எடுக்கும் ஒவ்வொரு ஏக்கர்-அடிக்கும் 20 டாலர் மாநிலத்துக்குக் கட்ட வேண்டும் என்று அப்போது விதித்தார்கள். இந்த நெருக்கடிக்குப் பிறகுதான் வற்றிய வீட்டுக் கிணறுகளுக்குத் தற்காலிகத் தொட்டி, புதிய போர் என்று உதவித் திட்டங்கள் பல முகமைகளில் உருப்பெற்றன.

பஞ்சாபிப் பெரியவருக்கு இதில் முழு உடன்பாடு கிடையாது. எங்களோடு சேர்ந்து அளந்தவர்தான். ஆனால் வரம்பை மேலே உயர்த்தினால் அவர் தண்ணீர் எடுப்பதைக் குறைக்க வேண்டும். "உன் கிணறு வற்றினால் உனக்கு லாரி வரும். என் மரம் வாடினால் எனக்கு என்ன வரும்?" என்று கேட்டார். 2040க்குள் இந்தப் பள்ளத்தாக்கில் குறைந்தது ஐந்து லட்சம் ஏக்கர் சாகுபடியிலிருந்து விலக நேரிடும் என்று கலிபோர்னியப் பொதுக்கொள்கை நிறுவனம் கணித்திருக்கிறது. அந்த ஐந்து லட்சத்தில் ஆயிரக்கணக்கான ஏக்கர் வைத்திருப்பவரின் ஓர் ஓரமும் இருக்கும். நாற்பது ஏக்கர்க்காரரின் முழு நிலமும் இருக்கலாம். அவர் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இதைக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள் என்றேன். கேட்டார். தமிழ்க் கணக்குக்காரி கேட்டபோது குறிப்பெடுக்காத பேனாக்கள் அப்போது எழுதின.

கூட்டம் நிரம்பி வழிய வேண்டுமானால் கட்டணம் வர வேண்டும். கலிபோர்னியாவில் 1996இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 218ஆம் முன்மொழிவின்படி சொத்தோடு தொடர்புடைய கட்டணத்தை விதிப்பதற்கு முன் ஒவ்வொரு சொத்துக்காரருக்கும் கடிதம் போட வேண்டும்; பெரும்பான்மையோர் எழுத்தில் எதிர்த்தால் கட்டணம் விழுந்துவிடும். அந்த வாரம் வாகனம் நிறுத்த இடமிருக்காது. ஏக்கருக்குச் சில டாலருக்காக வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர், தங்கள் கிணற்றின் ஆயுளை முடிவு செய்த கூட்டத்துக்கு வராதவர்கள். வாடகைக்கு இருக்கிறவர்கள் நிலையோ இன்னும் மோசம்: கடிதம் வீட்டுக்காரர் முகவரிக்குப் போகும், வற்றுவது இவர்கள் குழாய்.

யாருக்குக் குரல் உண்டு என்ற வழக்கு இந்தப் பக்கத்துக்குப் புதிதும் அல்ல. டுலேரி ஏரிப் பகுதியில் ஒரு நீர்ச் சேமிப்பு மாவட்டத்தில் நிலம் வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே வாக்கு, அதுவும் நிலத்தின் மதிப்புக்கு ஏற்ப. அங்கே ஒரே பெரும் பண்ணை நிறுவனத்துக்கு இயக்குநர் குழுவின் பெரும்பான்மையைத் தேர்ந்தெடுக்கப் போதுமான வாக்குகள் இருந்தன. 1969 வெள்ளத்தின்போது தண்ணீரை எங்கே திருப்புவது என்பதில் தகராறு வந்து, வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 1973இல் நீதிமன்றம் அந்த வாக்குமுறை செல்லும் என்றது. குழந்தைகளையும் சேர்த்து அங்கே வாழ்ந்தவர்கள் 77 பேர்; அவர்களில் நிலம் இல்லாத யாருக்கும் வாக்கு இல்லை. சிக்மாவின் பட்டியலில் வீட்டுக் கிணற்றுக்காரரும் பின்தங்கிய குடியிருப்பும் பெயர் சொல்லி இடம்பெற்றிருப்பதன் அருமை இந்த வரலாறு தெரிந்தால்தான் புரியும். பட்டியலில் இருப்பது வாக்கு ஆகாது, நலனைக் கருத வேண்டும் என்கிற கட்டளை மட்டும். இருந்தாலும் அதைக் காட்டிக் கேள்வி கேட்கலாம்.

இதையெல்லாம் பல்லடம் பக்கத்தில் இருக்கும் அப்பாவிடம் போனில் சொன்னேன். அங்கே ஆயிரம் அடிக்கு மேல் போர் போட்டும் புழுதி பறந்த தோட்டங்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். தமிழ்நாட்டில் 2003இல் நிலத்தடி நீர்ச் சட்டம் ஒன்று நிறைவேறி, நடைமுறைக்கே வராமல் 2013இல் ரத்தானது. அப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "200 அடியில் தண்ணீர் இருக்கும்போதே கூட்டம் போடுகிறார்களா, கண்ணு?" என்று மட்டும் கேட்டார்.

பிரெஸ்னோ, பேக்கர்ஸ்பீல்ட், வைசேலியா பக்கம் ஊருக்கு வெளியே வீடு பார்க்கிற தமிழர்கள் சிலர் எனக்கு எழுதுகிறார்கள். பள்ளிக்கூடத்தின் மதிப்பெண்ணைக் கேட்கிறார்கள், தண்ணீரைப் பற்றிக் கேட்பதில்லை. வீட்டில் கிணறு இருந்தால், விற்கிறவரிடம் கிணற்று அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். அதில் ஆழம் இருக்கும். மோட்டார் எத்தனை அடியில் தொங்குகிறது என்பதைக் கடைசியாக மோட்டார் மாற்றியவரின் ரசீதில் பாருங்கள். பிறகு அந்த முகமையின் திட்டத்தைத் திறந்து, பக்கத்துக் கண்காணிப்புக் கிணற்றின் குறைந்தபட்ச வரம்பைத் தேடுங்கள். முன்னுரையில் கிடைக்காது, அட்டவணைகளுக்குப் போங்கள். தரை உயரத்திலிருந்து அதைக் கழித்துப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள். வாங்கிவிட்டால், முகமைக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி அறிவிப்புப் பட்டியலில் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். இங்கே ஐந்தாண்டுக்கு ஒருமுறை திட்டத்தை மறுபரிசீலனை செய்தாக வேண்டும். வரம்பு எண்கள் திருத்தத்துக்கு வருவது பெரும்பாலும் அப்போதுதான்.